சூடு வரும் பக்கம்

என் பழைய லேப்டாப்பைச் சார்ஜரோடு சேர்த்துத் தூக்கினால் மூன்றே முக்கால் கிலோ. இது தோராயக் கணக்கு இல்லை. 2018இல் ஒருநாள் அம்மாவுக்கு ஆப்பிள் வாங்க நின்ற தள்ளுவண்டியில், முதலில் பையோடு தராசில் வைத்து, பிறகு பையை மட்டும் வைத்துக் கழித்துப் பார்த்தது. பழக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னாம்மா, பேரீச்சம்பழத்துக்குப் போடப்போறியா?" என்றார்.

வாரத்தில் மூன்று நாள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு குரோம்பேட்டையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்த காலம். வலது தோள் வலிக்க ஆரம்பித்திருந்தது. எதைச் சுமக்கிறோம் என்று சரியாகத் தெரிந்துகொள்ள ஒரு ஆசை, அவ்வளவுதான்.

இந்த வகைக்கு 'மொபைல் ஒர்க்ஸ்டேஷன்' என்று பெயர். மொபைல் என்ற சொல்லைக் கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அலுவலக மேஜைக்கு அடியில் உட்காரவேண்டிய கம்ப்யூட்டரை அடித்து நசுக்கி, மூடி போட்டு, கைப்பிடி இல்லாத பெட்டியாக்கிக் கொடுப்பார்கள். இன்ஜினியரிங் மாடல்களும் வீடியோ எடிட்டிங்கும் செய்கிறவர்களுக்கானது. உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் அட்டை விளையாட்டுக்கானதல்ல, வேலைக்கானது. என்னுடையதில் குவாட்ரோ கே1100எம், 2 ஜிபி. பிராசஸர் நான்கு கோர் கொண்ட ஐ7. 2013இல் வந்த மாடல். கம்பெனி பெயர் எதற்கு, அதன் மேல் எனக்குக் கோபமும் இல்லை, காதலும் இல்லை. இருந்ததெல்லாம் அந்த ஒரு பெட்டியின் மேல்தான்.

நான் ஸ்டீல் டீட்டெயிலர். இப்படிச் சொன்னால் சொந்தக்காரர்கள் பாத்திரக்கடையா என்பார்கள். ஒரு கட்டிடத்தின் இரும்புச் சட்டகத்தை, ஒவ்வொரு தூணையும் உத்தரத்தையும் தகட்டையும் போல்ட்டையும், கம்ப்யூட்டரில் முப்பரிமாணத்தில் கட்டி, அதிலிருந்து பட்டறைக்கான வரைபடங்களை எடுத்துத் தரவேண்டும். டெக்லா என்ற மென்பொருளில் செய்வோம். சென்னையில் உட்கார்ந்து இந்த வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர். கட்டிடம் பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கும். நான் ஒருமுறையும் போகாத ஊர்களில் பள்ளிக்கூடமும் கிடங்குமாக எத்தனையோ எழும்பியிருக்கின்றன. கூலி டன் கணக்கில். ஒரு டன் இரும்புக்கு இவ்வளவு என்று. மாடலின் ஓரத்தில் எடை கூடக் கூட மனசுக்குள் ஒரு ரூபாய்க் கணக்கு ஓடும்.

2017இல் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடினார்கள். தனியாக எடுத்துச் செய்யலாம் என்று முடிவுசெய்தபோது கையில் இருந்தது ஐம்பதாயிரம் ரூபாய். புது ஒர்க்ஸ்டேஷன் வாங்க அது முன்பணத்துக்குக்கூடக் காணாது. பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரோட்டைக் கடந்து பார்க் டவுனில் பறக்கும் ரயிலைப் பிடித்து, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தேன்.

ரிச்சி தெருவைத் தெரியாதவர்களுக்கு: மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஒரு சந்துக்கூட்டம். டிரான்சிஸ்டரிலிருந்து சிசிடிவி வரை எலெக்ட்ரானிக்ஸ் என்று எதைச் சொன்னாலும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் பைக்கும் ஆளும் டெம்போவும் ஒன்றையொன்று உரசிக்கொண்டுதான் நகரவேண்டும். பெரிய கம்பெனிகள் மூன்று வருடக் குத்தகைக்கு எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் லேப்டாப்புகள் மொத்தமாக ஏலத்துக்குப் போய் இந்த மாதிரித் தெருக்களில்தான் கரையேறும்.

மூன்று கடைகளில் "வீட்ல சார் வரலையா மேடம்?" என்று கேட்டார்கள். சார் என்று யாரும் இல்லை என்பதை விளக்க எனக்குப் பொறுமை இல்லாமல் வெளியே வந்தேன். நாலாவது, மாடிப்படிக்கு அடியில் ஆறடிக்கு ஆறடி இடம். பாய் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு போர்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "என்ன சாஃப்ட்வேர் ஓட்டணும்?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி பிடித்தது.

முப்பத்தெட்டாயிரத்துக்குப் படிந்தது. 8 ஜிபி ராம், 500 ஜிபி சுழலும் ஹார்ட் டிஸ்க். "இது போதாது" என்று அவரே சொன்னார். "ஆனா இதுல வீடு நெறைய இருக்கு. கீழ ரெண்டு ஸ்லாட்டு, கீபோர்டுக்கு அடியில இன்னும் ரெண்டு. முந்தி வச்சிருந்த ஆளுக்கு அது இருக்குறதே தெரியாது." கீபோர்டை நெம்பித் தூக்கிக் காட்டினார். அடியில் இரண்டு ஸ்லாட்டுகள், தூசிகூடப் படியாமல், ஒருத்தரும் குடியிருந்திராத வீடுகள்தான்.

மீதிப் பணத்தில் ஒரு எஸ்எஸ்டி வாங்கினேன். டெக்லா திறக்க எடுக்கும் நேரம் ஒரு காபி போடும் நேரத்திலிருந்து, அடுப்பைப் பற்றவைக்கும் நேரமாகச் சுருங்கியது. ராமை மாதம் ஒன்றாகச் சேர்த்தேன். 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல், 8 ஜிபி வீதம் நான்கு. நாலாவது போட்ட வாரத்திலிருந்து, நேரங்காலம் இல்லாமல் நீலத்திரை வந்து செத்துப்போகும். விண்டோஸைத் திரும்பப் போட்டேன், டிரைவரை மாற்றினேன், மாடலைச் சந்தேகப்பட்டேன். பாயிடம் போனில் சொன்னதும், "மெம்டெஸ்ட் போட்டு ராத்திரி பூரா உடுங்க. ஒவ்வொண்ணா கழட்டி" என்றார். நான்கு ராத்திரிகள். மூன்றாவது ராத்திரி விடியற்காலை எழுந்து பார்த்தால் திரையில் சிவப்புச் சிவப்பாக வரிகள். ஒரு வியாதியின் பெயரைக் கண்டுபிடித்துவிட்ட நிம்மதி அது. மாற்றிக் கொடுத்தார்கள். 32 ஜிபி, இன்றுவரை ஒரு முனகல் இல்லை.

அந்த வருடக் கடைசியில் அம்மாவின் கால் வீங்கியது. கிரியேட்டினின் பார்த்தார்கள். மறுபடி பார்த்தார்கள். 2018 தொடக்கத்தில் டயாலிசிஸ் ஆரம்பம். திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு முறையும் நான்கு மணிநேரம், போகவர, ஊசி போட, எடுத்தபின் ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடிக்க என்று சேர்த்தால் ஏழு மணிநேரம். வாரத்துக்கு இருபத்தொன்று. டன் கணக்கில் கூலி வாங்குகிறவளுக்கு இருபத்தொரு மணிநேரம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த லேப்டாப்பை வாங்கும்போது அதன் கனத்தைக் குறையாகத்தான் நினைத்தேன். இப்போது, தூக்கிக்கொண்டு போக முடிகிறதே என்று இருந்தது.

வார்டில் பன்னிரண்டு படுக்கைகள், பன்னிரண்டு மெஷின்கள். முதல் நாள் சுவரில் இருந்த பிளக்கில் சார்ஜரைச் சொருகப் போனேன். டெக்னீஷியன் தம்பி ஓடிவந்தான். "அக்கா, அந்த போர்டு வேணாம். அது மெஷின் லைன். ஜன்னல்கிட்ட ஒண்ணு இருக்கு, அதுல போடுங்க." ஜன்னலிலிருந்து அம்மாவின் படுக்கைவரை, நடைபாதையின் குறுக்கே என் சார்ஜர் ஒயர் கிடந்தது. பாட்டரியை நம்ப முடியாது. டெக்லாவில் வேலை செய்தால் ஐம்பது நிமிடம், அதற்கு மேல் தாங்காது.

படுக்கையை ஒட்டி ஸ்டூல், சாப்பாடு வைக்கும் சக்கர மேஜையில் லேப்டாப். அம்மாவின் இடது கையில் ஃபிஸ்டுலா. ரத்தக்குழாய்கள் இரண்டைச் சேர்த்துத் தைத்த இடம். அங்கே விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல ஒரு அதிர்வு தெரியும். தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நின்றுபோனால் உடனே வரவேண்டும். அம்மா ஒருநாளும் மறக்கவில்லை. அவள் தையல்காரி. நாற்பது வருடம் மெஷினின் சத்தத்தைக் கேட்டே எங்கே நூல் சிக்கியது என்று சொன்னவள்.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குக் குளிரும். ரத்தம் உடம்புக்கு வெளியே நீண்ட குழாய்களில் சுற்றி வருகிறது, வார்டில் ஏசியும் ஓடுகிறது. கம்பளியைக் கழுத்துவரை போர்த்தினாலும் அம்மாவின் வலது கை வெளியே கிடந்து நடுங்கும். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளவேண்டும் அவளுக்கு, கட்டில் கம்பியாவது. ஒருநாள் நான் ஒரு கிடங்கின் மாடலுக்கு வரைபட எண்கள் ஓடவிட்டிருந்தேன். ஃபேன் இரைந்தது. பக்கத்துப் படுக்கைப் பெரியவர் எட்டிப் பார்த்தார். அம்மா கையை நீட்டி லேப்டாப்பின் ஓரத்தைத் தடவினாள்.

"இந்தப் பக்கம் சூடா வருதே. என் பக்கமா திருப்பி வையேன்."

திருப்பி வைத்தேன். காற்று வெளியேறும் கட்டம் இடது பக்கத்தில் இருந்தது. அம்மாவின் உள்ளங்கை அதற்கு நேராக. நான் திரையைக் கொஞ்சம் சாய்வாகப் பார்த்துக்கொண்டு வேலை செய்யவேண்டியிருந்தது. கழுத்தும் பழகிவிட்டது.

ஆனால் சூடு கொஞ்சமாகத்தான் வந்தது. ஃபேன் அலறுகிற அலறலுக்கும் வருகிற காற்றுக்கும் சம்பந்தமே இல்லை. பிராசஸரின் வெப்பநிலையைப் பார்த்தேன். 97, 98. நூறு டிகிரி அதன் எல்லை. எல்லையைத் தொடாமல் இருக்கப் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடவேண்டியது 1.6இல் நொண்டிக்கொண்டிருந்தது. நான் மாதக்கணக்கில் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாய் கடைக்குப் போனேன். "நீங்களே கழட்டுங்க, நான் பாக்குறேன்" என்றார். இந்த வகை லேப்டாப்புகளில் ஒரு நல்லது உண்டு. எந்தத் திருகு எங்கே, எத்தனை மில்லிமீட்டர், எதற்குப் பின் எதைக் கழற்றுவது என்று படத்தோடு கம்பெனியே சர்வீஸ் கையேடு வெளியிட்டிருக்கும். ஆபீஸ்களுக்கு விற்கிற சரக்கு, அங்கே இருக்கும் டெக்னீஷியன்கள் திறக்கத்தான் செய்வார்கள். கீழ்மூடி, பிறகு ஃபேன், பிறகு செம்புக் குழாயோடு கூடிய ஹீட்சிங்க். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் விரல் பருமனில் தூசி, பஞ்சு மெத்தைபோலப் படிந்திருந்தது. வெளியிலிருந்து எவ்வளவு ஊதினாலும் அது போகாது. கழற்றி எடுத்தால் ஒரே துண்டாக வரும். பிராசஸரின் மேல் இருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. சுரண்டித் துடைத்துப் புதிதாக ஒரு கொண்டைக்கடலை அளவு வைத்தேன். "கடுகு போதும்" என்று பாய் பாதியை வழித்தெடுத்தார். தடிமனாக இருந்தால் அதுவே தடை. உலோகமும் உலோகமும் தொடமுடியாத கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை நிரப்புவதுதான் அதன் வேலை.

வெள்ளிக்கிழமை வார்டில் வேலையை ஆரம்பித்தேன். 84 டிகிரி. வேகம் குறையவில்லை. ஃபேனின் சத்தம் பாதியாகிவிட்டது. அம்மா கையை வைத்துப் பார்த்து, "என்னடி பண்ண, இப்பதான் நல்லா வருது" என்றாள். அவள் சொன்னது முற்றிலும் சரி. உள்ளே தேங்கிக் கிடந்த சூடுதான் வெளியே வந்துகொண்டிருந்தது.

சுத்தம் செய்ததைச் சொன்னேன். அவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பாபின் கேஸுக்கு அடியில் பஞ்சு சேருமே, வாரம் ஒருமுறை பிரஷ் போட்டு எடுக்காவிட்டால் தையல் விட்டுவிட்டு விழும் என்றாள். "இவ்ளோ படிச்சிட்டு ஒரு வருஷமா தொறந்தே பாக்கலியா நீ?"

அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறப்பேன். திறக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு வரும் கெட்ட பழக்கம் எனக்கும் வந்தது, தேவையில்லாமல் திறப்பது. 2018 டிசம்பரில் பாயிடம் ஒரு உடைந்த மெஷினிலிருந்து எடுத்த பிராசஸர் வந்தது. என்னுடையது 4700எம்க்யூ. இது 4910எம்க்யூ. அதே சாக்கெட், அதே 47 வாட், ஆனால் 2.9 கிகாஹெர்ட்ஸ். ஒன்பதாயிரத்து ஐநூறு. பயாஸைப் புதுப்பித்துவிட்டு, நானே மாற்றினேன். சாக்கெட்டின் ஓரத்தில் இருக்கும் திருகை அரைச்சுற்றுச் சுற்றினால் பிராசஸர் கையோடு வந்துவிடும். அடியில் தொள்ளாயிரத்துச் சொச்சம் ஊசிக்கால்கள். ஏதோ அவசரத்தில் புதியதைச் சரியாக உட்கார வைக்காமல் விரலால் அழுத்தினேன். மெஷின் எழவில்லை. எடுத்துப் பார்த்தால் மூலையில் மூன்று கால்கள் மடங்கியிருந்தன. ஒன்பதாயிரத்து ஐநூறு ரூபாய். அப்படியே ஒரு டப்பாவில் பஞ்சு வைத்துப் படுக்கப்போட்டு, ரிச்சி தெருவுக்கு எடுத்துப்போனேன். பாய் திட்டவில்லை. மகனின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்துவந்த மைக்ரோடிப் பென்சிலில் லெட்டை உருவிவிட்டு, அதன் வெற்று மூக்கை ஒவ்வொரு காலிலும் மாட்டி, மூச்சை அடக்கி நிமிர்த்தினார். மூன்று காலுக்கு இருபது நிமிடம். காசு வாங்கவில்லை. டீ மட்டும் நான் வாங்கிக்கொடுத்தேன்.

புதிய பிராசஸர் வேகம்தான், ஆனால் இன்னும் சூடு. தோளில் சுமப்பதும் நான், கரண்ட் பில் கட்டுவதும் நான் என்பதால் அடுத்த வேலையாக அதற்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைத்தேன். கம்பெனி எல்லாச் சில்லுக்கும் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே வைத்து அனுப்பும். ஒவ்வொரு சில்லும் எவ்வளவு குறைவில் ஓடும் என்பது அதது ஜாதகம். ஐந்து ஐந்து மில்லிவோல்ட்டாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் சோதித்து, எண்பதில் தடுமாறியதால் அறுபதோடு நிறுத்தினேன். எட்டு டிகிரி குறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புதன்கிழமை அம்மா சொன்னாள்: "சூடு கம்மியாயிடுச்சே. ஏதாச்சும் ரிப்பேரா?"

என்ன சொல்வது. இல்லம்மா, சரியாயிடுச்சு என்றேன். அவள் கையைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டாள்.

மின்னழுத்தம் குறைத்ததைச் சோதிக்க ஒரு மென்பொருள் போட்டிருந்தேன். பிரைம்95. மெர்சென் பகா எண்கள் என்று ஒரு வகை உண்டு. இரண்டை இரண்டால் பலமுறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண்களில் சில பகா எண்களாக அமையும். அவற்றைத் தேடும் கூட்டுமுயற்சிக்காக 1990களில் எழுதப்பட்டது. உலகமெங்கும் ஆள்கள் தங்கள் கம்ப்யூட்டரை அதற்கு இரவல் கொடுத்திருக்கிறார்கள். அது பிராசஸரைப் பிழிந்தெடுப்பதால், என்னைப் போன்றவர்கள் அதைக் கம்ப்யூட்டரின் உறுதியைச் சோதிக்க வைத்துக்கொள்வோம். 'டார்ச்சர் டெஸ்ட்' என்றே அதில் ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் நான்கு கோரும் நூறு சதவீதத்தில் நின்று, விடை தெரிந்த கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சரிபார்க்கும்.

2019 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. வாடிக்கையாளரிடமிருந்து பதில் வரவேண்டியிருந்ததால் எனக்கு வேலை ஒன்றுமில்லை. லேப்டாப் குளிர்ந்து சும்மா கிடந்தது. அம்மாவின் கை கம்பியைப் பிடித்திருந்தது. பிரைம்95ஐத் திறந்து பட்டனை அழுத்தினேன். ஒரு நிமிடத்தில் ஃபேன் எழுந்தது. மேஜையை அவள் பக்கம் நகர்த்தினேன். அம்மா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி வைத்துக்கொண்டாள்.

அதன்பின் அது வழக்கமாகிவிட்டது. வேலை இருந்தால் வேலையின் சூடு, இல்லாவிட்டால் கணக்கின் சூடு. டெக்னீஷியன் தம்பி, "என்னக்கா, சும்மா வச்சிருக்கீங்க, இப்புடி கத்துது" என்று கேட்டபோது அப்டேட் ஆகிறது என்றேன். ஒரு மெஷினை மிச்சமாக வாழவைக்க எல்லாம் செய்துவிட்டு, வாரத்தில் மூன்று நாள் அதை வேண்டுமென்றே வாட்டுகிறோமே என்று மனசு உறுத்தும். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அது ஒன்றும் ஆகவில்லை.

ஆனது சார்ஜருக்கு. நடைபாதையில் கிடந்த ஒயரின் மேல் ஒருநாள் ஸ்ட்ரெச்சர் ஏறி இழுத்தது. பிளக் தெறித்துக் கழன்றது. திரும்ப மாட்டியதும் லேப்டாப் ஓடியது, ஆனால் ஆமை வேகத்தில். பாட்டரியும் ஏறவில்லை. அந்தச் சார்ஜரின் உருளையான பிளக்குக்குள் நடுவில் தலைமுடிபோல ஒரு ஊசி உண்டு. அதில் மின்சாரம் வராது, தகவல்தான் வரும். நான் இன்ன சார்ஜர், என்னால் 180 வாட் தரமுடியும் என்று சொல்வதற்கு. ஊசி வளைந்தால் லேப்டாப்புக்கு எதிரே இருப்பது யார் என்று தெரியாது. சந்தேகத்தில், ஆகக் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். அன்றிரவு நூற்றிருபது டன் மாடலை அனுப்பவேண்டியிருந்தது. விளக்கத்தைக் கேட்டுவிட்டு அம்மா, "பேர் சொன்னாத்தான் உள்ள உடுமா? கீழ வாசல்ல இருக்குற செக்யூரிட்டி மாதிரி" என்றாள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ரத்தம் நிற்கும்வரை பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்டோ பிடித்து அவளை வீட்டில் விட்டுவிட்டு, கடை சாத்தும் நேரத்துக்கு ரிச்சி தெருவில் போய் நின்றேன். இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்க்குப் பழைய ஒரிஜினல் ஒன்று கிடைத்தது. புது டூப்ளிகேட் ஆயிரத்துக்கே இருந்தது, பாய் தரமாட்டேன் என்றுவிட்டார்.

பாட்டரியும் இரண்டு மாற்றினேன். திரையின் கீலை ஒருமுறை இறுக்கினேன். அவற்றில் சொல்ல ஒன்றுமில்லை.

2020 மார்ச்சுக்குப் பிறகு வார்டுக்குள் துணைக்கு யாரையும் விடவில்லை. நோயாளிகள் மட்டும் உள்ளே. நான் வெளியே வராந்தாவில், பிளாஸ்டிக் நாற்காலியில். அம்மாவுக்கு வெந்நீர்ப் பை கொடுத்தனுப்பினேன், அரைமணியில் ஆறிவிடும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனாள்.

ஜூன் 19 முதல் 30 வரை சென்னையில் முழு ஊரடங்கு போட்டார்களே, அந்த வாரத்தில்தான் ஃபேன் கடகடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. பேரிங் வறண்டுவிட்டது. ரிச்சி தெரு மூடியிருந்தது. ஆன்லைனில் ஆர்டர் எடுத்தாலும் எப்போது வரும் என்று தெரியாது. ஃபேன் நின்றால் வேலை நிற்கும். பாய்க்குப் போன் போட்டேன். இறக்கையைப் பிடித்து நேராக இழுத்தால் காந்தத்திலிருந்து கழன்று வரும், தண்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடு என்றார். "என்ன எண்ணெய் பாய்?" "தையல் மெஷின் ஆயில் இருந்தா அதான் பெஸ்ட்டு. தேங்காண்ண கீங்காண்ண ஊத்திறாதீங்க."

கூடத்துத் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்தேன். கழற்றிய திருகுகளை வரிசை மாறாமல் வைக்க இட்லித் தட்டைத்தான் எடுப்பது, ஒவ்வொரு குழிக்கும் ஒரு கட்டம். கீழ்மூடி முதல் குழி, கீபோர்டு இரண்டாவது, ஃபேன் மூன்றாவது. அம்மா கட்டிலில் இருந்தபடி, "நாளைக்கி அதுல இட்லி ஊத்தணும், ஞாபகம் இருக்கட்டும்" என்றாள். பிறகு எழுந்து, சுவரைப் பிடித்து நடந்துபோய், ஒரு வருடமாக யாரும் தொடாத தன் மெஷினின் டிராயரிலிருந்து எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்தாள். நான் ஊற்றப்போனதும் கையைத் தட்டிவிட்டாள். ஒரு ஊசியின் முனையை எண்ணெயில் தொட்டு, தண்டின் மேல் வைத்தாள். ஒரு சொட்டு நழுவி இறங்கியது. "போதும். மிஞ்சுனா தூசியப் புடிச்சி வச்சிக்கும்."

மூடி, ஆன் செய்தோம். சத்தமே இல்லை. அம்மா பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தாள்.

2022 பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் அம்மா போனாள். பன்னிரண்டு நாள் லேப்டாப்பைத் திறக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் திறந்தேன், வேலை இருந்தது.

2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றது. 11க்கு மாறலாமென்றால் எட்டாம் தலைமுறைப் பிராசஸராவது வேண்டும். என்னுடையது நான்காம் தலைமுறை. வாடிக்கையாளர்கள் டெக்லாவின் புதிய பதிப்பில் மாடலை அனுப்புகிறார்கள், புதியதில் சேமித்ததைப் பழையதில் திறக்கமுடியாது. பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. சுற்றியிருந்த எல்லாம் நகர்ந்துவிட்டன. நானும் நகர்ந்தேன். பாயின் கடையில் இப்போது அவர் மகன் உட்கார்ந்திருக்கிறான், அந்த ஜாமெட்ரி பாக்ஸ்காரன். இரண்டு வருடப் பழசாக ஒன்று காட்டினான். ஒன்றரைக் கிலோகூட இல்லை. ராமைக் கூட்டமுடியுமா என்றேன். "இதுல எல்லாம் போர்டுல ஒட்டுனது மேடம். வாங்கும்போதே எவ்ளோ வேணுமோ வாங்கிக்கணும்." பிராசஸரைப் பற்றிக் கேட்கவில்லை. லேப்டாப்பில் சாக்கெட் வைத்துக் கழற்றி மாட்டுகிற மாதிரி இன்டெல் செய்தது என் பழையதன் தலைமுறையோடு முடிந்துவிட்டது, அடுத்ததிலிருந்து எல்லாமே பற்றவைத்துதான். எனக்கு அதில் வருத்தம் உண்டு. மெல்லியதாக வேண்டும் என்று கேட்டவர்களும் நாம்தான், என் தோளும் அதைத்தான் கேட்டது. ராம் சோல்டர் செய்யாத, கொஞ்சம் கனமான ஒன்றை அவனே பின்னால் இருந்து எடுத்துக் கொடுத்தான். இரண்டு ஸ்லாட். போதும் என்று வாங்கினேன்.

பழையதைக் கீழ்வீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் பெண்ணுக்கு லினக்ஸ் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தேன். போன ஞாயிறு கடைசியாகத் திறந்து, தூசி எடுத்து, பேஸ்ட் மாற்றினேன். அழிப்பதற்கு முன் டிஸ்க்கில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தபோது பிரைம்95இன் ஃபோல்டர் கண்ணில் பட்டது. அது தான் செய்து முடித்த சோதனைகளை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே வரும் என்பதை மறந்திருந்தேன். கிழமை, தேதி, மணி, நிமிடம், பிறகு இந்த அளவுச் சோதனை தேறியது என்று ஒரு வரி. அடுத்ததும் அதேபோல. பக்கம் பக்கமாக.

8 பிப்ரவரி 2019, வெள்ளி. பிறகு ஒரு திங்கள். ஒரு புதன். மறுபடி வெள்ளி. இடையில் வேலை இருந்த நாள்கள் விடுபட்டிருக்கின்றன. ஒரே ஒரு ஞாயிறு, 27 அக்டோபர். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு நினைவு வந்தது, தீபாவளி. மதியம் மூச்சுத் திணறி, வெடிச்சத்தத்தின் நடுவில் ஆட்டோவில் கொண்டுபோய் அவசரமாகப் போட்டது. அன்றைக்கும் இதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். மாலை ஆறே காலிலிருந்து ஒன்பதரைவரை வரிகள். கடைசி வரி 20 மார்ச் 2020, வெள்ளி. எல்லாவற்றிலும் தேறியிருக்கிறது, ஒன்றில்கூடப் பிழை இல்லை.

அந்தக் கோப்பைப் புதியதில் எடுத்துவைத்துக்கொண்டு, டிஸ்க்கை அழித்து லினக்ஸ் போட்டேன். கீழ்மூடியைப் பூட்டி முடித்தபின் இட்லித் தட்டில், இரண்டாவது குழியில், ஒரு திருகு மிச்சம் இருந்தது. எல்லா ஓட்டையிலும் பார்த்துவிட்டேன், எங்கேயும் காலி இல்லை. இவ்வளவு நாளாக எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அதை ஒரு பாலிதீன் உறையில் போட்டு, லேப்டாப்போடு சேர்த்து அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.